குறிநோக்கியில் திருகின் இடம்: தஞ்சை விமானம் முதல் நார்த்தாமலை சுடுதளம் வரை

ரைஃபிள் ஸ்கோப்பின் மேற்புறம் ஒரு திருகும் பக்கவாட்டில் ஒரு திருகும் இருப்பதற்குச் சுடுபவரின் கைவசதியே காரணம் என்பது துப்பாக்கி பழகியவர்களிடையே வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் விளக்கம். வலக்கை விசையில் இருக்கும். இடக்கை ஓய்வாக இருக்கும். அதற்கு எட்டும் இடத்தில் திருகை வைத்தார்கள் என்பது அதன் சாரம். கேட்டவுடன் சரியென்று படும் இந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. திருகு எதை நகர்த்துகிறது, அதற்கு எதிர்ப்புறம் எது தாங்குகிறது, அந்த இடத்தில் ஏற்கெனவே வேறென்ன இருக்கிறது ஆகிய மூன்றும்தான் அதன் இடத்தைத் தீர்மானித்தன. கை பின்னால் வந்தது. இந்த மரபின் வேர் நில அளவைக் கருவிகளில் இருக்கிறது. அதற்கு முதன்மையான சான்று நமக்குப் பக்கத்தில், தஞ்சைப் பெரிய கோயிலில் 1808இல் நடந்த ஒரு விபத்து. அதை எழுதிவைத்த நில அளவையாளர் ஜார்ஜ் எவரெஸ்ட்டோடுதான் என் முதல் வழக்கு.

விபத்துக்குள்ளான கருவி, நில அளவையாளர் வில்லியம் லாம்டனின் கோணம் அளக்கும் பெரிய தியோடலைட்; லண்டனில் கருவி செய்பவரான கேரி செய்தது. கிடைவட்டத்தின் விட்டம் 36 அங்குலம், எடை ஏறத்தாழ அரை டன். சோழ மண்டலச் சமவெளியில் மலைகள் இல்லாததால் கோயில் கோபுரங்களையே அளவை நிலையங்களாகக் கொண்டார் லாம்டன். தஞ்சை விமானத்தின் மேல் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்தது. பிற்கால நூல்கள் பலவும் கருவி கீழே விழுந்து நொறுங்கியதாகவே கதையைச் சொல்கின்றன. எவரெஸ்ட் 1830இல் வெளியிட்ட நூலில் உள்ள செய்தி வேறு. அறுந்தது தூக்கும் கயிறு அல்ல. கருவி சுவரில் மோதாமல் விலக்கிப் பிடித்திருந்த பக்கக் கயிறு. கருவி ஊசலாடிச் சுவரில் மோதியது. அடி விழுந்த இடம் நுண்நகர்வுத் திருகும் அதன் பிடியும். வட்டம் கோணிப்போனது.

எவரெஸ்ட்டின் எழுத்தில் இந்தத் திருகு ஒரு தகவலாக மட்டும் வந்துபோகிறது. முன்னால் நிற்பவை இரண்டு: அறுந்த கயிறு, தளராத லாம்டன். பயனற்றுப்போனதாகத் தோன்றிய கருவியை லாம்டன் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோய்க் கூடாரத்துக்குள் வைத்துப் பிரித்தார். பெரிய பலகையில் சரியான அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு கோணிய விளிம்பை அந்த வட்டத்துக்குப் பொருந்துமாறு சிறிது சிறிதாக இழுத்தார். வளைந்த ஆரங்களைச் சிறு மரச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரத்தில் கருவி ஏறக்குறைய பழைய வடிவுக்கு வந்தது. இந்த உழைப்பின் அருமையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. ஆனால் விபத்தைக் கயிற்றின் குற்றமாகவும் மீட்சியை மனவுறுதியின் வெற்றியாகவும் படித்துவிட்டால், நடுவில் உள்ள பொறியியல் கேள்வி காணாமல் போகிறது. சுவரில் பட்ட ஓர் அடி, வட்டம் முழுவதையும் எப்படிக் கோணவைத்தது?

திருகு இருந்த இடமே அதற்கு விடை. அக்காலப் பெரிய தியோடலைட்டுகளில் பிடி, வட்டத்தின் விளிம்பைக் கவ்வியிருக்கும். அதோடு இணைந்த திருகு வட்டத்தை மயிரிழை அளவுக்கு நகர்த்தும். விளிம்பில் வைத்ததற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. 36 அங்குல வட்டத்தின் விளிம்பில் ஒரு விகலைக் கோணம் ஏறத்தாழ 0.0022 மில்லிமீட்டர். அச்சுக்கு அருகே போனால் இது இன்னும் சுருங்கும். கையால் திருப்பும் திருகு அவ்வளவு நுண்மையாக வேலை செய்ய வேண்டுமானால் மையத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அதே காரணத்தால் அது வெளியே துருத்திக்கொண்டு நின்றது. சுவர் முதலில் தொட்டது அதைத்தான். விளிம்பைக் கவ்விய பிடி, தான் வாங்கிய அடியை அப்படியே வட்டத்துக்குக் கடத்திவிட்டது. நுண்மைக்காகத் தேர்ந்த இடமே கருவியின் பலவீனமான இடமாகவும் ஆனது.

இந்த வாதம் எவரெஸ்ட் தரும் ஒரே ஒரு தகவலின் மேல் நிற்கிறது என்பதை மறைக்கவில்லை. அவர் விபத்தை நேரில் பார்த்தவரும் அல்லர். லாம்டனிடம் உதவியாளராகச் சேர்ந்தது 1818இல். நூல் வந்தபோது லாம்டன் இறந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. லாம்டனின் தென்பகுதி அளவைகளை எவரெஸ்ட் முழுமையாக நம்பியதில்லை என்பதும் தெரிந்ததே. அப்படியானால் இத்தகவலை ஏன் நம்ப வேண்டும்? காரணம், அவருடைய கதைக்கு அது தேவைப்படவில்லை. வீரத்தைச் சொல்லவோ ஐயத்தைச் சொல்லவோ ‘கருவி மோதியது’ என்பதே போதும். எந்தப் பகுதி மோதியது என்று குறித்திருப்பது, கருவியைக் கையாண்டவர்களின் வாய்வழி வந்த செய்தி போலவே படுகிறது. கருவியைப் பழுதுபார்ப்பவருக்குத்தான் அடி எங்கே விழுந்தது என்பது நினைவில் நிற்கும்.

அளவைக் கருவியில் இன்னொரு திருகுத் தொகுதியும் உண்டு. ரைஃபிள் ஸ்கோப்புக்கு நேரான முன்னோர் என்று நான் கருதுவது அதைத்தான். சர்வேயரின் தொலைநோக்கிக் குழலுக்குள் சிலந்தி நூலால் ஆன குறுக்குக்கம்பி ஒரு சிறு வளையத்தில் ஒட்டப்பட்டிருக்கும். அந்த வளையத்தை மேல், கீழ், இடம், வலம் என நான்கு திருகுகள் தாங்கும். திருகின் தலையில் துளை இருக்கும். அதில் ஓர் ஊசிக்கம்பியை நுழைத்துத் திருப்ப வேண்டும். வளையத்தை நகர்த்த, எதிரெதிரே உள்ள இரண்டு திருகுகளில் ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்க வேண்டும். முக்காலியில் நிற்கும் கருவிக்கு இது சரி. தரையில் படுத்திருக்கும் படைவீரருக்கு முடியாத காரியம். எதிரெதிரே இருந்த இரண்டு திருகுகளில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வில் (ஸ்பிரிங்) ஒன்றை வைத்தபோதுதான் போர்க்களத்து ஸ்கோப் பிறந்தது. கீழ்த்திருகுக்குப் பதில் வில் என்றால் மேலே ஒரு திருகு மிஞ்சும். பக்கவாட்டில் ஒன்று மிஞ்சும். அது இடமா வலமா என்பது மட்டும் திறந்த கேள்வி.

இந்த மாற்றத்துக்கு ஓர் ஆண்டைச் சுட்ட முடியாது. அது ஒரே இடத்தில் நடந்ததும் அல்ல. நியூயார்க் மாநிலத்தின் வில்லியம் மால்கம் 1855 முதல் செய்த நீண்ட ஸ்கோப்புகளில் குழலுக்குள் சரிசெய்யும் திருகே கிடையாது; பின்தாங்கியில் முழுக் குழலையும் நகர்த்தினார்கள். இந்த வழியில் வந்த அமெரிக்க யூனெர்ட்ல் ஸ்கோப்பின் பின்தாங்கியைப் பார்த்தால் மேலே ஒரு நுண்திருகு, வலப்புறம் ஒரு நுண்திருகு, அவற்றை எதிர்த்து இடப்புறக் கீழ்மூலையில் ஒரு வில். நான்கு திருகு மூன்று பொருளாகச் சுருங்கியது வெளிப்படையாகத் தெரிகிற இடம் இதுதான். ஜெர்மானிய ஸ்கோப்புகளில் நெடுங்காலம் மேல்திருகு மட்டுமே இருந்தது. பக்கத் திருத்தம் தாங்கியில் நடந்தது. குண்டு கீழே இறங்குவது ஒவ்வொரு முறையும் நடப்பது, காற்று எப்போதாவது அடிப்பது. மேல்திருகு முந்தியதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இனி இடமா வலமா என்ற கேள்வி. இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் நம்பர் 32 ஸ்கோப்பை எடுத்துக்கொள்வோம். நம்பர் 4 (டி) ரைஃபிளோடு அது இந்தியப் படைக்கும் வந்தது. தொலைவுத் திருகான டிரம் மேலே, பக்கத் திருத்த டிரம் இடப்புறம். முதல் வகையில் மேல் டிரம்மின் ஒவ்வொரு கிளிக்கும் 50 கஜம். பக்க டிரம்மின் கிளிக் 2 கலைக் கோணம். அடுத்த வகைகளில் இரண்டுமே 1 கலை. அதாவது 100 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்றே அதிகம். இடப்புற டிரம்மைக் காட்டி ‘பார், ஓய்வாக இருக்கும் இடக்கைக்கு வைத்தது’ என்பார்கள் கைவாதிகள். ஆனால் நம்பர் 32 முதலில் இந்த ரைஃபிளுக்காகத் திட்டமிடப்பட்டதே அல்ல. பிரென் இயந்திரத் துப்பாக்கிக்கானது. பிரென்னின் தோட்டாப் பெட்டி மேலே செங்குத்தாக நிற்கும். அதனால் அதன் குறிபார்க்கும் அமைப்பு முழுவதும் இடப்புறம் ஒதுங்கியிருக்கும். அங்கே பொருத்தும் ஸ்கோப்புக்கு வலப்புறம் துப்பாக்கியின் உடலும் பெட்டியும். இடப்புறம்தான் திறந்த வெளி. டிரம்மை இடப்புறம் தள்ளியது இடக்கை அல்ல, தோட்டாப் பெட்டி. ரைஃபிளுக்கு மாறியபோது அந்தக் காரணம் மறைந்தது, டிரம் அங்கேயே நின்றுவிட்டது. வடிவமைத்தவர்கள் இதை எழுதிவைத்ததாக நான் வாதிடவில்லை. பொருள்களின் இருப்பிலிருந்து பெறும் முடிவு இது. என்றாலும் கைவாதத்துக்கு இந்த அளவு சான்றுகூட இல்லை.

சோவியத் எடுத்துக்காட்டு இன்னும் அழுத்தமானது. போர்க்காலத்து மோசின் ரைஃபிளின் பியூ ஸ்கோப்பில் பக்கத் திருகு இடப்புறம். 1963இல் ஏற்கப்பட்ட டிராகுனோவின் பிஎஸ்ஓ-1இல் வலப்புறம். அதே நாடு, அதே படை, அதே கைகள். கால் நூற்றாண்டுக்குள் திருகு மட்டும் பக்கம் மாறியது. பிஎஸ்ஓ-1இன் இடப்புறத்தில் புதிதாக ஒன்று குடியேறியிருந்தது: குறுக்குக்கம்பியை ஒளிரச் செய்யும் விளக்கும் அதன் சுவிட்சும். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு இணைக்கும் பிடியும் அந்தப் பக்கமே. இடம் நிறைந்தது, திருகு வலப்புறம் போனது. டிராகுனோவ் இந்தியப் படைக்கும் வந்ததால், இடப்புற மரபும் வலப்புற மரபும் இங்கே ஒன்றன்பின் ஒன்றாகப் புழங்கியிருக்கின்றன.

இதை நான் எழுதும் புதுக்கோட்டை மாவட்டத்தில் துப்பாக்கி என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் போட்டியிட்ட பிருத்விராஜ் தொண்டைமான். டிராப் துப்பாக்கியில் ஸ்கோப் கிடையாது. பறக்கும் களிமண் தட்டுக்குத் திருகு திருப்ப நேரம் ஏது. திருகு பேசும் இடம் நார்த்தாமலைப் பக்கத்துச் சுடுதளம். காவல் துறையினரும் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினரும் பயிற்சி எடுத்த அத்தளத்திலிருந்து 2021 டிசம்பர் இறுதியில் பாய்ந்த குண்டு ஊருக்குள் இருந்த ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. அதற்கும் ஸ்கோப்புக்கும் தொடர்பு இருந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் குண்டு எங்கே போய் விழும் என்ற கணக்கைப் பற்றி இந்த மாவட்டத்தில் எழுதுகிறவர் அந்த மரணத்தைத் தாண்டிப் போகக் கூடாது.

அளவைக் கருவியையும் துப்பாக்கிக் கருவியையும் இணைக்கும் நிறுவனச் சான்று ஒன்றும் இருக்கிறது. 1830இல் கல்கத்தாவில் தொடங்கிய கணிதக் கருவி அலுவலகத்தில் ஹென்றி பாரோவுக்குப் பின் தலைமைக் கருவிஞராக உயர்ந்தவர் ஆற்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொஹ்சின் ஹுசைன். தியோடலைட் வட்டங்களைப் பிரித்து, திருத்தி, மீண்டும் பூட்டிய கைகள் அவருடையவை. நம் கருவியியல் வரலாற்றில் அவருக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை. அந்த அலுவலகத்தின் ஒரு கிளை 1943இல் டேராடூனில் படைக்கலத் தொழிற்சாலையாக வேர்விட்டு, துப்பாக்கிகளுக்கும் பீரங்கிகளுக்குமான குறிநோக்கிகளைச் செய்தது. சர்வேயரின் நான்கு திருகையும் ரைஃபிளின் இரண்டு டிரம்மையும் ஒரே பட்டறை மரபு அறிந்திருந்தது என்ற அளவுக்கே இதைக் கொள்கிறேன். ஒன்றிலிருந்து மற்றொன்று அங்கேதான் பிறந்தது என்பதற்கு இது ஆதாரமாகாது.

கைவாதத்துக்கு உரியதை ஓரிடத்தில் கொடுத்துவிட வேண்டும். இன்றைய ஸ்கோப்புகள் பலவற்றில் மூன்றாவதாக ஒரு திருகு இருக்கிறது. கண் சிறிது அசைந்தால் குறுக்குக்கம்பி இலக்கின் மேல் நகர்வது போலத் தோன்றும் பிழையைத் திருத்துவது அது. முன்பு இந்தத் திருத்தம் குழலின் முன்முனை வளையத்தில் நடந்தது; அதைத் திருப்ப, படுத்திருப்பவர் கையை நீட்டி உடலைக் குலைக்க வேண்டியிருந்தது. அதை நடுவுக்கு இழுத்து இடப்புறம் வைத்தபோது, கன்னத்தை எடுக்காமல் இடக்கையால் திருப்ப முடிந்தது. இந்த ஒரு திருகின் இடத்தை மட்டும் கை கேட்டு வாங்கியது என்று ஒப்புக்கொள்கிறேன். அப்போதும், பக்கத் திருகு வலப்புறம் நிலைத்து இடப்புறம் காலியாக இருந்ததால்தான் அது கிடைத்தது.