ஓட்டாஞ்சில்லும் ஆச்சியின் சீசாவும்

மழைக்காலம் முடிந்த ஒரு திங்கட்கிழமை, இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி செய்தித்தாளில் பொதிந்த ஒன்றை என் மேசைமேல் வைத்தாள். பிரித்துப் பார்த்தால் பாதிக் கிண்ணம். உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு. ஐந்து ஓடுகளைச் சேர்த்து ஒட்டியிருந்தாள். பொருத்தின இடங்களில் வழிந்த பசை காய்ந்து மின்னியது.

“வைப்பாத்துப் பக்கம் எங்க காட்டுல கெடந்துச்சு மேம். நாந்தான் ஒட்டுனேன். எங்கம்மா வீட்ல எது ஒடைஞ்சாலும் இப்படித்தான் ஒட்டுவாங்க.”

முதலில் கண்டித்தேன். நிலத்தில் தெரியும் பழைய ஓட்டை எடுத்து வரக் கூடாது. கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, படம் பிடித்து, தொல்லியல் துறைக்கோ கிராம நிர்வாக அலுவலருக்கோ சொல்ல வேண்டும். எந்த மண்ணில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் வரலாற்றில் பாதி இருக்கிறது. ஒட்டுவதற்கும் முறை உண்டு. அருங்காட்சியகங்களில் ‘பாரலாய்டு பி-72’ என்னும் பிசினைப் பெரிதும் பயன்படுத்துகிறார்கள். அது அசிட்டோனில் கரைந்துவிடும். நாளை ஒருவர் வந்து தவறு என்று சொன்னால் பிரித்து மறுபடி சேர்க்கலாம். ஓடு இல்லாத இடத்தைச் சாந்தால் நிரப்பி, நிறத்தைச் சற்றே மாற்றி வைப்பார்கள். எது பழையது, எது நாம் சேர்த்தது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.

அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்: “அப்ப எங்கம்மா ஒட்டுறது வரலாறு இல்லையா மேம்?”

நான் தொல்லியல் படித்தவள் அல்ல, தமிழ் படித்தவள். ஆனாலும் அந்தக் கேள்வியை வகுப்பறையிலேயே விட்டுவிட்டு வர முடியவில்லை.

எங்கள் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் தென்கிழக்கே, வைப்பாற்றங்கரையில், வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில் 2022-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. அடுத்த ஆண்டுகளிலும் பணி தொடர்ந்தது. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள் என்று செய்தித்தாள்கள் நாள்தோறும் எழுதின. அந்தப் பட்டியல்களில் பெரும்பாலும் கடைசி வரியில் இரண்டு பொருள்கள் வரும்: வட்டச் சில்லு, தக்களி.

சில்லு என்பது உடைந்த பானையின் ஓடு. ஓரத்தைத் தட்டித் தட்டி, கல்லில் உரசி வட்டமாக்கியது. கீழடியிலும் இவை நூற்றுக்கணக்கில் கிடைத்தன. ஆங்கில அறிக்கைகளில் இதற்கு ‘ஹாப்ஸ்காட்ச்’ என்று பெயர். பாண்டி ஆடுவதற்கு நாம் வீசிய அதே சில்லுதான். ஆனால் எல்லாச் சில்லும் ஆட்டத்துக்குத்தானா? குறுகிய வாய்க் கலயத்துக்கு அது மூடியாக இருந்திருக்கலாம். எண்ணுவதற்கோ எடை பார்க்கவோ உதவியிருக்கலாம். ‘விளையாட்டுப் பொருள்’ என்று எழுதிவிட்டால் அதற்குமேல் யாரும் யோசிப்பதில்லை.

அதே சில்லின் நடுவில் ஒரு துளை இட்டு, ஒரு குச்சியைச் செருகினால் நூல் நூற்கும் தக்களிக்கு வட்டு ஆகிவிடும். மண்ணைப் பிசைந்து தனியாகச் செய்து சுட்ட வட்டுகளும் உண்டு. உடைந்த ஓட்டில் துளையிட்டவையும் உண்டு. சுழலும்போது அந்த வட்டின் எடைதான் சுழற்சியை நிலைநிறுத்துகிறது. எடை கூடினால் பருநூல், குறைந்தால் மென்நூல். ஆகவே எந்த ஓட்டை எடுப்பது, எவ்வளவு தேய்ப்பது, துளை சரி நடுவில் விழுகிறதா என்பதெல்லாம் கை அறிந்த கணக்கு. சங்கப் பாடல்கள் பருத்திப் பெண்டிரைச் சொல்கின்றன. துணையில்லாத பெண்கள் தம் உழைப்பால் நூற்ற நுண்ணிய நூலை நற்றிணை உவமையாக்குகிறது. உவமையாகும் அளவுக்கு ஊரறிந்த உழைப்பு அது. பாட்டில் நூல் நின்றுவிட்டது. அது எந்த வட்டில் சுழன்றது, அந்த வட்டு எந்தப் பானையின் ஓடு என்பதைப் பாட்டு சொல்லவில்லை, மண்தான் சொல்கிறது.

1936-இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியதிலிருந்து எங்கள் ஊரின் வரலாற்றை நூற்பாலைகளின் வரலாறாக எழுதுகிறோம். நிறுவனர் பெயர், கதிர்களின் எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கும். கதிருக்கு முன்னால் தக்களி இருந்தது என்பதோ, உடைந்த பானையிலிருந்துகூட அதற்கு வட்டு செய்துகொண்டார்கள் என்பதோ அந்த மலர்களில் இருக்காது.

புழங்கிய பொருள் எப்போதாவது தன் பெயரைத் தானே சொல்லிவிடுவதும் உண்டு. எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசேர் அல் கதீமில் கிடைத்த ஓர் ஓட்டில், கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்-பிராமி எழுத்தில் ‘பானை ஒறி’ என்று இருப்பதை ஐராவதம் மகாதேவன் படித்தார். உறியில் தொங்கவிடும் பானை. பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் தயிரும் நெய்யும் வைக்க நம் வீடுகளில் கயிறு பின்னித் தொங்கவிட்ட அதே உறிதான். கடல் தாண்டிப் போன ஓடு அடுப்படிச் சொல்லைத்தான் கொண்டுபோயிருக்கிறது.

அந்த வாரமே வகுப்பில் என் ஆச்சியைப் பற்றிச் சொன்னேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு குறுகலான தெருவில் அவள் வீடு. புதுப்பானை வந்ததும் கஞ்சித் தண்ணீர் ஊற்றிக் காய்ச்சி, நுண்துளைகளை அடைத்துப் பழக்குவாள். கீறல் விட்டால் சுண்ணாம்பையும் கருப்பட்டிப் பாகையும் குழைத்து, பழைய வேட்டிக் கிழிசலில் தடவி ஒட்டுவாள். ஒட்டிய பானை இனி அடுப்புக்கு ஆகாது. புளி வைக்க ஆகும். வாய் உடைந்தால் கோழிக்குத் தண்ணீர் வைக்கலாம். இரண்டாகப் பிளந்தால் அடிப்பாகம் வறையோடு; அதில் அரிசி வறுத்தால் வரும் மணம் இரும்புச் சட்டியில் வராது. அதுவும் போனால் ஒரு துண்டு குதிகால் தேய்க்க, மிச்சம் எங்களுக்குச் சில்லு. ஒரு பானை உடைந்தது என்று அவள் சொல்லிக் கேட்டதில்லை. “அது வேற வேலைக்குப் போயிருச்சு” என்பாள்.

சீசாக்களும் அப்படித்தான். அரசு மருத்துவமனையில் சிவப்பு மிக்சர் வாங்க நாமே சீசா கொண்டுபோக வேண்டிய காலம் அது. ஆகவே காலிச் சீசாவுக்கு வீட்டில் மரியாதை உண்டு. மூடியில் ஆணியால் துளையிட்டு, பழைய சேலைக் கிழிசலைத் திரித்துத் திரியாகச் செருகி, மண்ணெண்ணெய் ஊற்றினால் விளக்கு. கழுத்து உடைந்த சீசாவையும் விடமாட்டாள். மண்ணெண்ணெயில் நனைத்த நூலைச் சுற்றிக் கட்டி, கொளுத்தி, சூடேறியதும் தண்ணீரில் முக்குவாள். சூடான வளையம் சட்டென்று குளிர்ந்து சுருங்க, கண்ணாடி அந்தக் கோட்டிலேயே விட்டுவிடும். விளிம்பை ஆட்டுக்கல்லில் தேய்த்தால் டம்ளர். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவள் இயற்பியல் படித்ததில்லை.

மாணவிகள் ரசித்துக் கேட்டார்கள். நானும் உற்சாகத்தில், ஆண் வெண்கலப் பானை, பெண் மண்பானை என்னும் பேச்சை எடுத்தேன். தீட்டுப் பட்டால் வெண்கலத்தைத் துலக்கி எடுத்துக்கொள்ளலாம், மண்பானையை எறிந்துவிட வேண்டும் என்பது அதன் கருத்து. சாதியைக் காக்கும் பொறுப்பு பெண்ணுடலின் மேல் ஏற்றப்பட்டதற்கு இந்த உவமையைச் சான்றாக மானுடவியலாளர் லீலா துபே எடுத்துக்காட்டியிருக்கிறார். “உடைந்த மண்பானை எதற்கும் ஆகாது என்ற இந்தப் பேச்சை நம் பாட்டிகள் தினமும் பொய்யாக்கிக்கொண்டிருந்தார்கள்” என்று முடித்தேன். முடிப்பதற்கு நல்ல வரிதான்.

அப்போது கிண்ணம் கொண்டுவந்த பெண் எழுந்தாள்.

“எங்க பாட்டி சொல்லும் மேம். களை எடுக்கப் போற வீட்ல தண்ணி கேட்டா, வாய் ஒடைஞ்ச கிளாஸ்லதான் குடுப்பாங்களாம். அத அவங்களே கழுவி வச்சுட்டு வரணுமாம். அதுவும் வேற வேலைக்குப் போன கிளாஸ்தான மேம்?”

அவள் குரலில் கோபம் இல்லை. வகுப்பு அமைதியாகிவிட்டது. எனக்கு ஆச்சி வீட்டுக் கொல்லைப்புற எரவாணம் ஞாபகம் வந்தது. அங்கே ஒரு டம்ளர் செருகியிருக்கும். பச்சைக் கண்ணாடி, சீசாவை அறுத்துச் செய்தது, விளிம்பில் ஒரு சில்லுப் பெயர்ந்தது. கொல்லைப்பக்கமாக வரும் அக்காவுக்கு அதில்தான் காப்பி. நாங்கள் தொட்டால் ஆச்சி வைவாள். இத்தனை நாள் ஆச்சியின் கைத்திறனை நினைத்தபோதெல்லாம் அந்த டம்ளரை மட்டும் எப்படியோ விட்டுவிட்டிருந்தேன்.

அது ஆச்சி கண்டுபிடித்த வழக்கமும் அல்ல. மனுஸ்மிருதியின் 10-ஆம் அத்தியாயம், சண்டாளர் என்று ஒதுக்கியவர்கள் உடைந்த கலத்தில்தான் உண்ண வேண்டும் என்று விதிக்கிறது. தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை அதன் நம் காலத்து வடிவம். உடைந்ததை என்ன செய்வது என்று வீட்டுப் பெண்கள் தீர்மானித்தார்கள்; அந்த அளவுக்கு அது அவர்களின் அறிவு, அவர்களின் சிறு அதிகாரம். அந்த அதிகாரத்தைக் கொண்டு இன்னொரு பெண்ணின் கையில் உடைந்ததைத் தந்ததும் அவர்கள்தான். வெண்கலம், மண் என்ற பேச்சால் தாழ்த்தப்பட்டவள், அதே பேச்சைக் கொல்லைப்புறத்தில் திருப்பிச் சொன்னாள். பெண்களின் கைவினை வரலாறு என்று எழுதத் துணிந்தால் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் நானும் எது சேர்த்தது, எது இல்லாதது என்று தெரியாமல் பூசி மறைக்கிறவள் ஆவேன்.

அடுத்த நாள் அந்தப் பெண்ணையும் உட்கார வைத்து ஓட்டுக்கு ஒரு குறிப்புத் தாள் தயாரித்தோம், தொல்லியல் துறைக்கு அனுப்ப. கிடைத்த இடம், தேதி, நிறம், அளவு. ஒட்டிய பசை எது என்பதையும் எழுதச் சொன்னேன். பிரிப்பவர்களுக்கு அது தெரிய வேண்டும். ‘ஒட்டியவர்’ என்ற இடத்தில் அவள் தன் பெயரை எழுதினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘ஒட்டக் கற்றுக்கொடுத்தவர்’ என்று தானாகவே ஒரு வரி சேர்த்து, அம்மாவின் பெயரையும் எழுதினாள். அந்தத் தாளில் அப்படி ஒரு கட்டம் கிடையாது. நான் அழிக்கச் சொல்லவில்லை.