கூரை யாருடையது?

1894-இல் ரவாங்கில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின் இயந்திரத்தை நிறுவினார்கள். மலாயாவின் மின்சார வரலாற்றை அங்கிருந்துதான் எழுதத் தொடங்குகிறார்கள். 1930-இல் பேராக் ஆற்றின் குறுக்கே செண்டேரோ அணை இயங்க ஆரம்பித்தபோதும், அதன் மின்சாரத்துக்குப் பெரிய வாடிக்கையாளர் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயக் கப்பல்கள். தோட்டத்து லயங்களில் அப்போது எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு.

இதை வறுமையின் கதையாக மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு இது உரிமையின் கதையாகவும் தெரிகிறது. லயத்தின் கூரை கம்பெனிக்குச் சொந்தம். விளக்குக்கு ஊற்றும் எண்ணெய் தொழிலாளியின் சம்பளக் காசு. எரிசக்திச் சிக்கனம் என்று இன்று நாம் பேசும் விஷயத்தின் முடிச்சு இந்த இரண்டு வரிக்குள்ளேயே இருக்கிறது.

அத்தாப்புக் கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் மக்கும், தீப்பிடிக்கும், அடிக்கடி மாற்ற வேண்டும். ஆனால் வெயிலை உள்ளே விடாது. அதன் இடத்துக்குத் தகரம் வந்தது. பல வருசம் தாங்கும், பராமரிப்புச் செலவும் கம்மி. கம்பெனியின் கணக்கில் அது லாபம். மேல்தட்டுப் பலகை இல்லாத வீட்டில், மத்தியானம் அந்தத் தகரம் கக்கும் சூடு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. கூரையைத் தேர்ந்தெடுத்தவர் அதன் கீழே தூங்கியவர் இல்லையே!

1966-இல் தொழிலாளர் குடியிருப்புகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்தது. 1990-இல் அதன் இடத்தைப் பிடித்த சட்டம், முதலாளி தரும் வீட்டில் குழாய்த் தண்ணீரும் போதுமான மின்சாரமும் இருக்க வேண்டும் என்றது. பெரிய முன்னேற்றம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் கம்பி வந்த வீட்டில் முதலில் வாங்கியது என்ன? காத்தாடி. தகரத்தின் சூட்டை அது கீழே சுழற்றிவிட்டது, அவ்வளவுதான். கூரை செய்த தவறுக்கு மின்கட்டணம் கட்ட வேண்டியிருந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பிறகு வீடமைப்பு நிலங்களாக மாறியபோது, நம்மவர்களில் பலர் மலிவு விலை அடுக்குமாடிக்குப் போனார்கள். 1982-இல் அந்த வீட்டுக்கு அரசு வைத்த உச்ச விலை 25,000 ரிங்கிட். அந்த விலைக்குள் சுவரையும் கூரையையும் எழுப்புவதே பெரும்பாடு. வெப்பத்தைத் தடுக்கும் வேலை எங்கே நடக்கும்? மேற்குப் பார்த்த சிமெண்டுச் சுவர் பகலில் குடித்த வெயிலை ராத்திரி திருப்பிக் கொடுக்கும்.

அரசு சும்மா இருக்கவில்லை. 2008-இல் மாதம் 20 ரிங்கிட்டுக்குள் வரும் மின்கட்டணத்தைத் தானே ஏற்றுக்கொண்டது. அது கட்டணத்தைக் குறைத்தது, வீணாவதைக் குறைக்கவில்லை. 2011-இல் ஐந்து நட்சத்திரக் குளிர்பதனப் பெட்டிக்கு 200 ரிங்கிட், குளிர்சாதனத்துக்கு 100 ரிங்கிட் கழிவு கொடுத்தது. நல்ல திட்டம். ஆனால் மீதிப் பணம் கையில் இருப்பவருக்குத்தான் கழிவு. கதவு ரப்பர் தளர்ந்துபோன பழைய பெட்டியை வாங்கி ஓட்டுபவர் அந்தக் கடைக்குள்ளேயே போகமாட்டார்.

ஒரு சின்னக் கணக்கு. 60 வாட் குண்டு விளக்கு தினம் ஆறு மணிநேரம் எரிந்தால் மாதம் ஏறக்குறைய 11 யூனிட். அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்குக்கு இரண்டு யூனிட்கூட ஆகாது. முதல் 200 யூனிட்டுக்கு நெடுங்காலம் இருந்த விலை யூனிட்டுக்கு 21.8 சென். ஆக மாதம் மிச்சம் இரண்டு ரிங்கிட். "ரெண்டு வெள்ளிக்கு யாரு பல்ப மாத்துவா?" என்று கேட்கத் தோன்றும். ஐந்து விளக்கு, பன்னிரண்டு மாதம் என்று பெருக்கினால் 120 ரிங்கிட். ஆனால் செலவு இன்றைக்கு, மிச்சம் பிறகு. இன்றைய காசே இல்லாதவரிடம் வருசக் கணக்கைப் பேசி என்ன பயன்?

சிங்கப்பூர் இந்த இடத்தில் வேறு வழியைப் பிடித்தது. 2020 நவம்பரில் அறிமுகமான திட்டம் ஓரறை, ஈரறை, மூவறை வீவக வீடுகளிலிருந்து தொடங்கியது. குளிர்பதனப் பெட்டிக்கு 150 வெள்ளி, தண்ணீரைச் சிக்கனப்படுத்தும் குளியல் பூவாளிக்கு 50 வெள்ளி, எல்.இ.டி. விளக்குக்கு 25 வெள்ளி எனப் பற்றுச்சீட்டுகள். 2024 ஏப்ரலில்தான் அது 300 வெள்ளியாக எல்லா வீவக வீடுகளுக்கும் விரிந்தது. தொகையைவிட வரிசை முக்கியம்: சின்ன வீடு முதலில், பெரிய வீடு பிறகு. பெட்டியின் மீதி விலையைச் சொந்தக் காசில்தான் போட வேண்டும் என்றாலும், விளக்கு பற்றுச்சீட்டுக்குள்ளேயே கிடைத்துவிடும்.

இருந்தாலும் பழைய முடிச்சு அவிழவில்லை. இன்று கோலாலம்பூரில் வாடகை வீட்டின் பெட்டியை வாங்குபவர் வீட்டுக்காரர். கட்டணம் கட்டுபவர் குடியிருப்பவர். வீட்டுக்காரருக்கு எது மலிவோ அதுவே வந்து நிற்கும். துரை போய்விட்டார், அவர் போட்ட கணக்கு இன்னும் இருக்கிறது.

அடுத்த முறை ஒரு தோட்ட நாவலில் மண்ணெண்ணெய் விளக்கு வரும்போது, அதை வெறும் சோகக் குறியீடாகக் கடந்துபோகாதீர்கள். எண்ணெய்க் காசு யாருடையது, கூரை யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். வாடகை வீட்டில் இருக்கும் நண்பரிடமும் அதையே கேட்கலாம்.