பேத்தியின் சராசரியும் பைத்தானின் இரண்டு பதிப்புகளும்

 

பிளஸ் டூ படிக்கும் பேத்தி போன வாரம் கண்கலங்கி உட்கார்ந்திருந்தாள். சித்தப்பாவின் பழைய மடிக்கணினியில், இரண்டு மதிப்பெண்களின் சராசரி காண பைத்தான் மொழியில் நிரல் எழுதியிருக்கிறாள். 71, 72 இரண்டையும் கூட்டி 2-ஆல் வகுத்தால் 71 என்று வருகிறது. "தப்புன்னுகூட காட்ட மாட்டேங்குது ஆச்சி. எனக்கு இது வராது" என்றாள். நானும் பாடப்புத்தகத்தோடு வரிவரியாக ஒப்பிட்டேன். அவள் எழுதியதில் ஒரு குறையும் இல்லை.

மென்பொருள் வேலையில் இருக்கும் பழைய மாணவன் ஒருவனுக்குப் போன் செய்தேன். "டீச்சர், திரையில கீழ வலது ஓரத்துல பைத்தானுக்குப் பக்கத்துல என்ன நம்பர் இருக்கு?" என்றான். 2.7. அவள் சித்தப்பா கல்லூரிக் காலத்தில் போட்டு வைத்தது. புதிய 3-ஆம் பதிப்பும் அதே கணினியில் இருந்தது. அந்த எண்ணைச் சொடுக்கி, வந்த பட்டியலில் புதியதைத் தேர்ந்தெடுத்தோம். அதே நிரல் 71.5 என்றது!

ஒரே மொழிக்கு இரண்டு விடையா என்று தேடிப் படித்தேன். நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ராசம் 1989 கிறிஸ்துமஸ் சமயத்தில் எழுதத் தொடங்கி, 1991-இல் வெளியிட்ட மொழி இது. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னத்தை விட்டுவிடுவது அதன் பழைய வழக்கம். 2008 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பில் அதைத் திருத்தினார்கள். எழுத்துகளைக் கையாளும் முறையும் மாறியது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால், பழையது பைட்டுகளை எண்ணி 15 என்று சொல்லும்; புதியது யூனிகோடு குறிகளை எண்ணி 5 என்று சொல்லும். மூன்று என்று சொல்ல இன்னும் தமிழ் டீச்சர்தான் வேண்டும்!

ஆனால், பழைய நிரல்கள் பல புதியதில் ஓடவில்லை. 2015-இல் பழையதைக் கைவிடுவதாக இருந்தவர்கள், மாற்றிக்கொள்ள அவகாசம் தந்து 2020 ஜனவரி 1 வரை நீட்டித்தார்கள். பதினோரு ஆண்டுகள் இரண்டும் அக்கம்பக்கமாக வாழ்ந்தன. அதனால்தான் எந்தப் பதிப்பு என்று கணினிக்கு நாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978-இல் ஏற்றது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் 'மலை', 'யானை' என்ற சொற்களில் துதிக்கை போல் வளைந்த பழைய எழுத்தைப் போட்டிருந்தான். அவன் தாத்தா சிலேட்டில் சொல்லிக்கொடுத்தது. நான் சிவப்பு மையால் அடித்து முட்டை போட்டேன். அதன்பிறகு அவன் கரும்பலகைப் பக்கம் வரவே பயந்தான்.

அவன் எழுதியது பிழை இல்லை, தாத்தாவின் பதிப்பு. யார் சொல்லிக்கொடுத்தது என்று அன்றைக்கு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

தம்பி, இதைப் படித்தால் தெரிந்துகொள். உன் மலையும் சரி, யானையும் சரி. டீச்சரை மன்னித்துவிடு.