குருதி தடுக்கும் கட்டுத்துணி: புறப்பாடல்கள் முதல் கட்சால் தீவு வரை

முன்னுரை

நிக்கோபார்த் தீவுக் கூட்டத்தின் நடுப்பகுதியில் அமைந்தது கட்சால் தீவு. முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்னும் பெயரால் குறிக்கப்பெறுவது இத்தீவுக் கூட்டமே என்பர் வரலாற்றறிஞர். நிக்கோபாரியப் பழங்குடியினரின் தாயகமாகிய கட்சாலில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழர் குடியேற்றம் ஒன்றும் நிகழ்ந்தது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாத்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்த் தோட்டத் தொழிலாளருள் ஒரு பகுதியினர் இத்தீவின் அரசு ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பெற்றனர். தேயிலைக் கொழுந்து கிள்ளிப் பழகிய கைகள் பால்வெட்டுக் கத்தியைப் பற்றின.

தீவுகளின் தலைமை மருத்துவமனை, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேயரில் உள்ளது. கட்சாலுக்கும் அந்நகருக்கும் இடைப்பட்ட தொலைவு 400 கிலோமீட்டருக்கும் மிகுதி. கடுங்காயமுற்றவரைக் கொண்டுசெல்லக் கப்பலும் ஹெலிகாப்டருமே வழிகள்; இரண்டும் வானிலைக்குக் கட்டுப்பட்டவை. வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி உண்டு. அதில் 2 லிட்டர் இழப்பினும் உயிர்க்கு இறுதி நேரக்கூடும். தொடையின் பெருநாடி அறுபடின் இவ்விழப்பு சில நிமிடங்களில் நிகழ்ந்துவிடும். எனவே காயத்திற்கும் மருத்துவமனைக்கும் இடைப்பட்ட காலத்தில் குருதியை நிறுத்துவது யார், எதைக் கொண்டு என்னும் வினா கட்சால் போன்ற இடங்களில் உயிர்வினாவாகின்றது. இவ்வினாவுக்குத் தமிழர் மரபும் உலக மருத்துவமும் கண்ட விடைகளை வரலாற்று நிலையில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புறப்பாடல்களில் புண்ணும் காப்பும்

சங்கப் புறப்பாடல்கள் விழுப்புண்ணைப் புகழ்வதோடு அமையாமல் புண்பட்டோரைப் பேணும் முறையினையும் பதிவு செய்துள்ளன. அரிசில்கிழார் பாடிய புறநானூற்று 281-ஆம் பாடலில், புண்பட்ட கணவனைக் காக்கும் மனைவி தன் தோழியரை அழைக்கிறாள். மனையில் இரவத் தழையும் வேம்பும் செருகுதல், ஐயவி சிதறுதல், நறும்புகை எழுப்புதல், யாழும் பிற இயங்களும் ஒலிக்கக் காஞ்சிப் பண் பாடுதல் ஆகியன அவள் கூறும் செயல்கள். வெள்ளைமாளர் பாடிய 296-ஆம் பாடலிலும் வேம்பும் நெய்யும் ஐயவிப் புகையும் இடம்பெறுகின்றன. தொல்காப்பியம் புறத்திணையியலில் சுட்டும் தொடாக்காஞ்சித் துறை, புண்பட்டவனைப் பேய் தீண்டாவண்ணம் மனைவி காத்தலாகும்.

இச்செயல்களைச் சடங்கு என்று மட்டுமே கொள்ளுதல் பொருந்தாது. வேம்பு நுண்ணுயிர்களைத் தடுக்கும் தன்மையது. புகை ஈக்களை விலக்க வல்லது. எனினும் இவை அனைத்தையும் குருதி நிறுத்தும் மருத்துவம் என்று கொள்வதும் மிகையே. இவை புண் சீழ்பிடியாமல் காக்கும் முயற்சிகள்; குருதிப்பெருக்கு அடங்கிய பின் தொடங்குபவை.

குருதியோடு நேரடித் தொடர்புடைய குறிப்புகளாக இரண்டினைச் சுட்டலாம். காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனாரின் புறநானூற்று 353-ஆம் பாடல், மகளின் தமையன்மாரைப் பஞ்சு நீக்கப்பெறாத புண்ணினர் என்று காட்டுகிறது. புண்ணின்மீது பஞ்சு வைத்தலும், ஆறும்வரை அதனை நீக்காதிருத்தலும் அக்காலத்து வழக்கம் என்பது இதனாற் பெறப்படுகிறது. அடுத்தது, பதிற்றுப்பத்தின் 42-ஆம் பாடலில் பரணர் கூறுவது. குளத்தில் மூழ்கி மீனுடன் எழும் சிரற்பறவையைப் போலப் புண்ணின் உள்ளே சென்று வெளிவரும் நீண்ட வெண்ணிற ஊசியை அவர் உவமிக்கிறார். அறுவைக்காயத்தைத் தைக்கும் கலை தமிழகத்தில் அறியப்பட்டிருந்தமைக்கு இது தெளிந்த சான்று.

ஈண்டு ஓர் உண்மையைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். இப்பாடல்கள் அனைத்தும் வீடு அல்லது பாசறை வந்து சேர்ந்தவர்களைப் பற்றியன. வந்து சேர்வதற்கு முன்னரே குருதி நின்றிருத்தல் வேண்டும். நில்லாதோர் களத்திலேயே மாண்டனர். அவர்களுக்கு நடுகல்லே எஞ்சியது. களத்திற்கும் மனைக்கும் இடைப்பட்ட அச்சிறு பொழுதே பண்டை மருத்துவத்தின் எல்லை.

மரபு மருத்துவத்தின் வலிமையும் எல்லையும்

சுசுருத சங்கிதை குருதியை நிறுத்தும் வழிகளை நான்காகப் பகுக்கிறது: துவர்ப்புப் பொருள்களால் புண்வாயை ஒன்றுசேர்த்தல், குளிர்ச்சியால் உறையச் செய்தல், சாம்பற் பொருள்களால் உலர்த்துதல், சூட்டுக்கோலால் சுடுதல். தமிழகத்தின் வீட்டு மருத்துவத்தில் படிகாரம், மாசிக்காய், மஞ்சள், காட்டாமணக்குப் பால் முதலியன வழங்கி வந்துள்ளன. படிகாரம் புரதங்களைத் திரியச் செய்து சிறு குழாய்களின் வாயைச் சுருக்குவது. முடிதிருத்துவோர் கத்திக்கீறலுக்கு அதனைத் தேய்ப்பதன் காரணம் இதுவே.

ஊர்ப்புறங்களில் வெட்டுக்காயப் பூண்டு என வழங்கும் செடியின் வரலாறு இவண் கருதத்தக்கது. இச்செடியின் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. ஐரோப்பியர் கடல்வழித் தொடர்பு ஏற்பட்ட பின்னரே இது இங்கு வந்திருத்தல் கூடும். வந்த செடியைச் சோதித்தறிந்து, அதன் பயனையே பெயராக்கி வழங்கியுள்ளனர் நம் முன்னோர். மரபு மருத்துவம் தேங்கிய குட்டையன்று, புதியதை ஏற்று வளர்ந்தது என்பதற்கு இப்பெயரே சான்றாகும்.

எனினும் இப்பொருள்களின் எல்லையையும் மறைத்தல் ஆகாது. இவை சிறு கீறல்களுக்கு உதவுவன. நாடி அறுபட்டுப் பீறிடும் குருதி, தூவிய பொடியையும் பிழிந்த சாற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். காப்பிப்பொடியும் மண்ணும் இடுதல் புண்ணை நஞ்சாக்கும்.

போர்கள் தந்த கட்டுத்துணி

குழாய் அறுபட்டதும் குருதித் தட்டுகள் அவ்விடத்தில் ஒட்டித் திரள்கின்றன. பின்னர் ஃபைப்ரின் என்னும் இழைப்புரதம் வலைபோற் பின்னி அத்திரளை இறுக்குகிறது. இவ்வியற்கைச் செயலை விரைவுபடுத்தும் பொருளைத் துணியிலேயே அமைத்தலே குருதி தடுக்கும் கட்டுத்துணியின் அடிப்படை.

1909-இல் பெர்கெல் ஃபைப்ரின் பொடியைப் புண்ணில் இட்டு ஆராய்ந்தார். முதல் உலகப்போர்க் காலத்தில் ஃபைப்ரின் துண்டுகள் அறுவையில் பயன்பட்டன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆக்சிசனேற்றிய செல்லுலோசும் ஜெலட்டின் பஞ்சும் வந்தன. இவை பெரும்பாலும் அறுவை அரங்கினுள் பயன்பட்டவை. களத்தில் வீழ்ந்தவனுக்கு வெறும் துணியும் அழுத்தமுமே நெடுங்காலம் துணையாயின.

இந்நிலை 2002-க்குப் பின் மாறியது. அவ்வாண்டில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் இருவகைப் பொருள்களுக்கு இசைவளித்தது. ஒன்று சியோலைட்டு என்னும் கனிமத் துகள். இது குருதியிலுள்ள நீரை உறிஞ்சி உறைதலை விரைவுபடுத்தியது. ஆனால் அப்போது எழுந்த வெப்பம் சதையைச் சுட்டது. குருதியை நிறுத்த வந்த மருந்தே தீப்புண் விளைத்தமையால் பின்னர் அது கைவிடப்பெற்றது. அதன் இடத்தில், உறைதற் காரணிகளைத் தூண்டும் கேயோலின் களிமண் தோய்ந்த துணி வந்தது. 2008-இல் அமெரிக்கப் படையின் களமருத்துவக் குழு இதனை முதன்மைக் கட்டுத்துணியாகப் பரிந்துரைத்தது. 2002-இல் இசைவுபெற்ற மற்றொன்று கைட்டோசான் கட்டுத்துணி.

கைட்டோசான் இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலுள்ள கைட்டினிலிருந்து பெறப்படுவது. 1811-இல் பிராக்கொன்னோ காளானில் கைட்டினைக் கண்டறிந்தார். 1859-இல் ரூசே அதனைக் காரத்தில் கொதிக்கவைத்து மாற்றுரு பெற்றார். கைட்டோசான் நேர்மின்னேற்றம் உடையது. குருதிச் செவ்வணுக்களின் மேற்பரப்போ எதிர்மின்னேற்றம் உடையது. இவை ஒன்றையொன்று ஈர்த்து, பசைபோன்ற அடைப்பாகிப் புண்வாயை மூடுகின்றன. உடலின் உறைதற் காரணிகள் குன்றியவிடத்தும் இவ்வடைப்பு உருவாதல் இதன் சிறப்பு.

தமிழ்க் கடற்கரையும் இக்கட்டுத்துணியும்

இப்பொருள்கள் அயல்நாட்டுப் போர்க்களங்களில் பெயர்பெற்றவை எனினும் இவற்றின் மூலப்பொருள்கள் நம் கரைகளில் உள்ளவை. இறால் பதப்படுத்தும் கூடங்களில் கழிவாகக் குவியும் ஓடுகளிலிருந்து கைட்டின், கைட்டோசான் பெறும் முறையைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியது. 2008-இல் தொடங்கப்பெற்ற ஆக்சியோ பயோசொல்யூஷன்ஸ் என்னும் இந்திய நிறுவனம் ஆக்சியோஸ்டாட் என்ற கைட்டோசான் கட்டுத்துணியை உருவாக்கிற்று. குருதி தடுக்கும் பூச்சும் மிகுதியாக உறிஞ்சும் கட்டுத்துணியும் தன் ஆய்வகத்தில் உருவாக்கப்பெற்றுள்ளதாகத் தில்லியிலுள்ள பாதுகாப்புத் துறையின் அணுமருத்துவ நிறுவனம் 2019-இல் அறிவித்தது.

பழுப்புக் கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட்டு என்னும் பொருளை 1881-இல் இசுட்டான்ஃபோர்டு பிரித்தார். கால்சியம் ஆல்ஜினேட்டு இழைகளால் ஆன துணி புண்ணீரை உறிஞ்சிக் கூழாகி, உறைதலுக்குத் தேவையான கால்சியத்தை விடுவிக்கிறது. மன்னார் வளைகுடாக் கரையில் இராமநாதபுரம் மாவட்டப் பெண்கள் மூழ்கியெடுக்கும் பாசிவகைகளுள் ஆல்ஜினேட்டுக்கு உரியனவும் உண்டு.

தீப்புண்ணின் இயல்பு வேறு. அங்குக் குருதி பீறிடுவதில்லை. தோலென்னும் காப்பு அழிந்தமையால் உடல்நீர் கசிந்து வற்றுகிறது. ஆகவே அதற்கு வேண்டுவது அடைப்பன்று, மேற்படலம். 1948-இல் சென்னையில் நிறுவப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் விலங்குத் தோலிலிருந்து கொலாஜன் புரதத்தைப் பிரித்துத் தீப்புண்களுக்குரிய படலங்களை ஆராய்ந்தது. இக்கொலாஜன் குருதித் தட்டுகளை ஒட்டச்செய்யும் ஆற்றலும் உடையதாகலின் இருபயனும் தருவது. தீக்காயமுற்றாரை வாழையிலையில் கிடத்தும் நம் வழக்கமும் ஒட்டாத படலம் என்னும் இதே கருத்தினது. வாழையிலைக் கட்டின் பயனை மும்பை மருத்துவர்கள் 2003-இல் ஆய்ந்து வெளியிட்டுள்ளனர்.

கட்சாலில் இவ்வறிவின் இடம்

புறநானூற்று 180-ஆம் பாடலில் மதுரைக் குமரனார் ஈர்ந்தூர் கிழான் தோயன்மாறனின் தழும்பேறிய உடலுக்கு, மருந்துக்காக வெட்டுண்டு வடுப்பட்ட மரத்தை உவமை கூறுகிறார். கட்சாலின் ரப்பர் மரங்களைக் கண்டோர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். பால்வெட்டிய கீறலில் வழியும் பால் சில மணிநேரத்தில் தானே நின்றுவிடும். பாலிலுள்ள நுண்பைகள் உடைந்து, அவற்றின் புரதங்கள் ரப்பர்த் துகள்களைத் திரட்டிக் குழாய்வாயை அடைப்பதே காரணம். நாள்தோறும் அம்மரத்தின் காயம் அடைபடுவதைக் காணும் தொழிலாளிக்குக் குருதி உறைதலை விளக்க வேறு உவமை தேவையில்லை.

2004 திசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையால் மிகக் கொடிய இழப்புக்குள்ளான தீவுகளுள் கட்சாலும் ஒன்று. வெளியுதவி வந்து சேரும்வரை உயிர்பிழைத்தோரே ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டியதாயிற்று. பேரிடர் இல்லாத நாளிலும் கத்தி, படகின் இயந்திரம், இத்தீவுகளின் கழிமுகங்களில் வாழும் உப்புநீர் முதலை ஆகியவற்றால் காயம் நேர்தல் கூடும். அப்போது முதலில் அருகிருப்பவர் மருத்துவர் அல்லர். உடன் உழைப்பவரோ வீட்டாரோ ஆவர்.

கட்டுத்துணியைப் பயன்படுத்தும் முறை எவரும் கற்கத்தக்கது. பீறிடும் இடத்தைக் கண்டு, துணியைக் காயத்தின் ஆழம்வரை திணித்து, குறைந்தது 3 நிமிடம் இடைவிடாது அழுத்துதல் வேண்டும். நின்றதா என்று இடையில் எடுத்துப் பார்த்தல் உருவாகும் அடைப்பைக் குலைக்கும். கை கால்களில் பெருக்கு மிகுந்தால் இறுக்குப்பட்டை கட்டலாம். இடுப்படி, அக்குள் போன்று பட்டை கட்டவியலாத இடங்களிலேயே இத்துணியின் இன்றியமையாமை விளங்கும். 2015-இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற குருதி நிறுத்தப் பயிற்சி இயக்கம் பொதுமக்களை நோக்கியதாக அமைந்தமையும், அருகிருப்போரே முதல் மருத்துவர் என்னும் உணர்வினாலேயே.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் கருத்துகள் வருமாறு. சங்கப் பாடல்கள் பஞ்சு, தையல், வேம்பு, புகை ஆகியவற்றாலான புண்காப்பு முறையொன்றைக் காட்டுகின்றன. அதன் நடுவில் நிற்பவள் மனைவி. மரபு மருத்துவம் சிறுகாயங்களை ஆற்றியது; பெருங்குருதிப் பெருக்கில் அதன் கை தாழ்ந்தது. அக்குறையை நிறைக்கும் பொருள்களை இருபதாம், இருபத்தோராம் நூற்றாண்டுகளின் போர்கள் முன்கொணர்ந்தன. அவற்றின் மூலப்பொருள்களோ இறால் ஓடும் கடற்பாசியும் தோலுமாக நம் தொழிலாளர் கைகளில் புழங்குவன.

ஆயின் இவ்வரலாறு பொருள்களின் வரலாறு மட்டுமன்று. குருதி வடியும்போது அருகில் இருப்பவரின் வரலாறுமாகும். தொடாக்காஞ்சியில் விடியும்வரை விழித்திருந்த மனைவியின் கையில் ஐயவி இருந்தது. கட்சாலின் தோட்டத்திலும் படகிலும் பள்ளியிலும் இருப்பவர் கைக்கு எட்டுமிடத்தில் அக்கட்டுத்துணியும் அதனைப் பயன்படுத்தும் பயிற்சியும் இருத்தல் வேண்டும். நகரத்தில் அது மருத்துவமனை செல்லும்வரை உதவும் ஒரு துணை. நானூறு கிலோமீட்டர்க் கடலுக்கு அப்பால் அதுவே உயிர். இப்பயிற்சி ஏட்டை எளிய தமிழிலும் நிக்கோபாரியத்திலும் உருவாக்கும் பணியில் மருத்துவத் துறையோடு மொழித்துறையினரும் தோள்கொடுத்தல் கடமையாகும்.