தேயிலைக்கு ஒரு சீன எழுத்து

தலவாக்கலைத் தோட்டங்களில் வேலை முடிந்து வருவோர் கேட்பது தேத்தண்ணி. கேரளத்தில் அது சாயா. வட இந்தியாவில் சாய். இத்தனைக்கும் மூலம் ஒரே சீன எழுத்து என்பதை, பத்திரிகைப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின் அம்மொழியின் எழுத்துகள் சிலவற்றைக் கற்க முற்பட்டபோது அறிந்தேன்.

அவ்வெழுத்தை வட சீனத்தார் 'சா' என வாசிப்பர். ஃபூஜியான் கரையோரத்து ஹொக்கியன் மொழியினரோ 'தே' என்பர். முன்னது தரைவழியே பாரசீகம் சென்றது. பின்னது டச்சு வணிகரின் கப்பலேறியது. (கடல்வழி வந்த போர்த்துக்கேயர் 'சா' என்றே சொன்னமைக்கு அவர்களது தளமான மக்காவ் காரணம்.) நமது தேயிலையில் உள்ள 'தே' டச்சுக்காரர் வழி வந்தது என்பதே என் கருத்து, சிங்களத்திலும் அது 'தே' தான். அதே ஃபூஜியானின் குவான்சோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அங்கு சிவன் கோயில் எழுப்பிய நம் வணிகர் இச்சொல்லைக் காதாலாவது கேட்டிருக்கக் கூடும்.

எழுத்தின் வரலாறும் சுவையானது. கசப்புக் கீரை ஒன்றைக் குறித்த பழைய எழுத்தே தேயிலைக்கும் வழங்கிற்று. தாங் அரச காலத்தில், 8ஆம் நூற்றாண்டளவில், அதில் ஒரு கோட்டைக் குறைத்துத் தனி எழுத்தாக்கினர். தேயிலை பற்றி முதல் நூல் எழுதிய லூ யூ வாழ்ந்ததும் அந்நூற்றாண்டிலேயே. எழுத்தின் மேற்பகுதி புல், கீழே மரம், நடுவே மனிதன். இலக்கண வல்லுநர் இதனை ஏற்கார்; நடுப்பகுதி பழைய ஒலிக்குறியின் மிச்சம் என்பர். எனினும் மாணவருக்கு மனத்தில் நிற்பது மனிதன் தான்.

மலையகத்தில் இந்த எழுத்தை விளக்க வேண்டியதில்லை. வளரவிட்டால் மரமாகக் கூடியதைக் கவ்வாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்தியிருக்கிறோம். செடியை ஆராய 1925இல் நிறுவப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்குகிறது. நடுவில் நின்று கொழுந்து பறித்த மனிதரோ 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கிற்று. அவர்களிடம் எவரும் விருப்பம் கேட்கவில்லை. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டது 1974இல். அதன் பின்னும் நாடற்றிருந்தோருக்கு இலங்கை நாடாளுமன்றம் பிரஜாவுரிமை வழங்கிச் சட்டம் இயற்றியது 2003இல்.