சூப்பர் கிங்ஸில் நம்ம ஊர்ப் பையன் எத்தனை பேர்? ஒரு பழைய சண்டையின் கணக்கு

ஐபிஎல் ஏலம் பல வருடம் டிசம்பரில்தான் வரும். சிவகாசியில் அது காலண்டர் சீசன் முடிகிற நேரம். ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் போட்டு ஆர்டர் பிடிக்க ஆரம்பித்தால், டிசம்பரில் கடைசிக் கட்டு லாரி ஏறும்வரை அச்சகத்துக்காரர்களுக்குத் தூக்கம் கிடையாது. என்னோடு பள்ளியில் படித்தவன் ஒருவன் அங்கே ஆஃப்செட் பிரஸ் வைத்திருக்கிறான். 2018 டிசம்பர் 18 அன்று ஜெய்ப்பூரில் ஏலம். சாயங்காலம் அவனிடமிருந்து போன். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம்.

"மாப்ள, மதுரை டீம்ல போட்டானே வருண், எவ்வளவுக்குப் போயிருக்கான் தெரியுமா? எட்டு கோடியே நாப்பது லட்சம்! எடுத்தது பஞ்சாப்பு. நம்மாளுங்க விட்டுட்டாய்ங்கடா."

அந்த வருடம் டிஎன்பிஎல் கோப்பையை மதுரை பாந்தர்ஸ் ஜெயித்திருந்தது. விருதுநகர் மாவட்டத்துக்கென்று டிஎன்பிஎல்லில் அணி கிடையாது. அதனால் எங்கள் பக்கத்து ஆட்கள் மதுரையைச் சொந்தம் கொண்டாடிக்கொள்வோம். வருண் சக்ரவர்த்தி ஆர்க்கிடெக்ட் படிப்பு படித்து, வேலையும் பார்த்து, அப்புறம் மர்மச் சுழல் போட வந்தவர். அடிப்படை விலை 20 லட்சம்.

"சென்னை டீம்னு பேரு, தமிழ்நாட்டுப் பையன் ஒருத்தன் இல்ல" என்ற சண்டை டீக்கடையில் மட்டும் நடப்பதில்லை. 2023 ஏப்ரலில் சட்டமன்றத்திலேயே தர்மபுரி பாமக உறுப்பினர் ஒருவர் எழுந்து, தமிழ் வீரர்கள் இல்லாத சூப்பர் கிங்ஸைத் தடை செய்ய வேண்டும் என்றார். அன்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். அப்புறம் உட்கார்ந்து, இது எப்படி இப்படி ஆனது என்று பழைய ஏல விவரங்களைத் தோண்ட ஆரம்பித்தேன். இந்தக் குறிப்பு அதிலிருந்து வந்ததுதான்.

தோண்ட வைத்தது இன்னொரு பேச்சு. ஆபீஸில் மெல்போர்ன் டீமோடு சில வருடம் வேலை. அங்கே ஒருவர், தன் ஃபுட்பால் கிளப் இந்த வருடம் டிராஃப்டில் யாரை எடுக்கணும், யாரைக் கழித்துவிடணும் என்று தினமும் புலம்புவார். அவர்கள் ஃபுட்பால் வேறு. முட்டை வடிவப் பந்து, ஒரு பக்கம் 18 பேர். அங்கே டிராஃப்ட் என்பது பந்தி மாதிரி, பணம் ஏலம் கிடையாது. போன வருடம் கடைசியில் முடித்த கிளப் முதலில் ஒரு பையனை எடுக்கும், அப்புறம் அதற்கு மேலே முடித்தது, இப்படி. 1986-இல் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் 1960களின் கடைசியிலிருந்து விக்டோரியாவின் கிராமப்புறத்தைப் பாத்தி கட்டி, இந்த வட்டாரத்துப் பையன் இந்த கிளப்புக்கு என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள். மார்னிங்டன் தீபகற்பம் ஹாதார்ன் கிளப் பங்கில் விழுந்தது. ஹாதார்ன் 1971, 1976, 1978 என்று கோப்பைகளை அள்ளியது. வறண்ட பாத்தி கிடைத்த கிளப்புகள் வயிறெரிந்தன. பையனுக்கோ பேச்சே கிடையாது. எந்த வீட்டில் பிறந்தானோ அதுதான் அவன் கிளப்.

இதைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. ஐபிஎல்லிலும் முதலில் இப்படி ஒரு பாத்தி இருந்ததே!

2008-இல் ஒவ்வொரு அணியும் தன் சுற்றுவட்டாரத்து ஆட்டக்காரர் நான்கு பேரையாவது எடுத்தாக வேண்டும் என்று விதி. இந்தியாவுக்கு ஆடாத உள்ளூர்ப் பையன்கள் அப்போது ஏலத்துக்கே வர மாட்டார்கள்; அணிகள் நேரடியாகப் பேசி எடுத்துக்கொள்ளும். சென்னை லீகில் யார் நன்றாக ஆடுகிறான் என்று சென்னைக்குத்தான் முதலில் தெரியும். பத்ரிநாத், அனிருத்தா, முரளி விஜய், அஷ்வின் என்று வந்தது அந்த வழியில்தான். 2010 இறுதிப் போட்டியில் மும்பையை ஜெயித்த பதினொரு பேரில் இந்த நான்கு பேரும் இருந்தார்கள். 2011 இறுதிப் போட்டி சேப்பாக்கத்திலேயே நடந்தது. விஜய் 52 பந்தில் 95. கெயிலை முதல் ஓவரிலேயே அஷ்வின் ரன் எடுக்காமல் வெளியே அனுப்பினார். அன்றைக்கு சிவகாசியில் வெடித்த சரத்தை எண்ணியிருந்தால் ஒரு சின்ன ஃபேக்டரியின் ஒரு நாள் உற்பத்தி இருக்கும் (என் மதிப்பீடு, ஆதாரம் கேட்காதீர்கள்).

தோனியும்கூட விதியில் இருந்த ஓட்டை வழியாக வந்தவர்தான். 2008 பிப்ரவரி 20 ஏலத்தில் ஒவ்வொரு அணிக்கும் 50 லட்சம் டாலர். சச்சின், கங்குலி, டிராவிட், சேவாக், யுவராஜ் ஐந்து பேரும் அவரவர் ஊர் அணிக்கு ஐகான். ஐகானுக்கு, அந்த அணி வாங்கும் மற்ற எவரையும்விட 15 சதவீதம் அதிகம் தரணும். மும்பை தோனியை 15 லட்சம் டாலருக்கு வாங்கினால் சச்சினுக்கு 17 லட்சத்து 25 ஆயிரம் எடுத்து வைக்கணும். இரண்டு பேரிலேயே மூன்றில் இரண்டு பங்குப் பணத்தை நெருங்கிவிடும். சென்னைக்கு ஐகான் யாரும் இல்லை. 'நம்ம ஊர்' நட்சத்திரம் இல்லாததுதான் சென்னைக்கு லாபமாகப் போனது. இன்றைக்கு 'தல' என்று நாம் கும்பிடுகிற ஆள் ராஞ்சியிலிருந்து வந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

சரி, பாத்தி முறையில் பையன்களுக்கு என்ன கிடைத்தது? 2011 முதல் 2013 வரை, இந்தியாவுக்கு ஆடாதவர்களுக்கு அனுபவத்தைப் பொறுத்து 10 முதல் 30 லட்சம் என்று சம்பளத்தையே கட்டிப் போட்டிருந்தார்கள். ராஜஸ்தானோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியோடு பேசினார் என்று ஜடேஜாவை 2010 சீசன் முழுக்க உட்கார வைத்தார்கள். பட்டியலில் ஏறி வெளிச்சந்தைக்கு வந்தால்தான் நிஜ விலை தெரியும். அதே ஜடேஜாவை 2012-இல் சென்னையும் டெக்கானும் 20 லட்சம் டாலர்வரை இழுத்து, உச்சவரம்பைத் தொட்டுவிட்டதால், மூடிய கவரில் ரகசியத் தொகை எழுதிக் கொடுத்துச் சென்னை எடுத்தது. அஷ்வினைத் திரும்ப வாங்க 2011-இல் சென்னை 8.5 லட்சம் டாலர் கொடுக்க வேண்டி வந்தது.

2014-இல் எல்லாரையும் ஏலத்துக்குக் கொண்டு வந்தார்கள். பாத்தி வரப்பு அதோடு போயிற்று. நம்ம ஊர்ப் பையன் எங்கேயும் போகலாம், எவனும் இங்கே வரலாம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் டிஎன்பிஎல்லில் யார்க்கர் போட்டார். 2017-இல் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்கு ஏறினார். ஏற்றியது பஞ்சாப். வருணுக்கு 8.4 கோடி கொடுத்ததும் பஞ்சாப்தான். இரண்டு பேரும் தமிழ்நாடு என்பதால் சென்னைக்கு மட்டும் என்று பாத்தி கட்டியிருந்தால் அவர்களுக்கு என்ன கிடைத்திருக்கும்? என் தோழனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்ப நம்ம பையனுக்கு நல்லதுதான்ங்கிற. நம்ம டீமுக்கு?"

டீமுக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. 2018, 2021, 2023 மூன்று கோப்பை. மூன்று இறுதிப் போட்டியிலும் ஆடிய பதினொரு பேரில் தமிழ்நாட்டுக்காரர் யாரும் கிடையாது. 2023 இறுதிப் போட்டியில் இருந்த சென்னைப் பையன் எதிரணியில் இருந்தார். சாய் சுதர்சன், 47 பந்தில் 96. குஜராத் அவருக்குக் கொடுத்தது 20 லட்சம். அதே வருடம் டிஎன்பிஎல்லில் முதல் முறை ஏலம் வைத்தபோது கோவை அவரை 21.6 லட்சத்துக்கு எடுத்தது. ஐபிஎல்லைவிட டிஎன்பிஎல்லில் கூடச் சம்பளம்!

அதற்காக சூப்பர் கிங்ஸ் மேல் தப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. கையில் இல்லாதவனை எடுக்கவில்லை என்பது ஒரு விஷயம், கையில் வைத்துக்கொண்டே பார்க்காமல் விடுவது வேறு. சாய் கிஷோர் 2020, 2021 இரண்டு சீசனும் சென்னை டக்-அவுட்டில் இருந்தார். ஒரு மேட்ச்கூடக் கொடுக்கவில்லை. 2022-இல் குஜராத் 3 கோடிக்கு எடுத்துக்கொண்டு போய் கோப்பை ஜெயித்த அணியில் ஆட வைத்தது. ஜெகதீசன் கதை இன்னும் மோசம். 2018-இலிருந்து கூட வைத்திருந்து, ஆடக் கொடுத்தது விரல் விட்டு எண்ணுகிற மேட்ச். 2022 நவம்பர் நடுவில் விடுவித்தார்கள். அதே மாதம் 21-ஆம் தேதி விஜய் ஹசாரேவில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்தில் 277, தொடர்ந்து ஐந்தாவது சதம். எதிரணி பலவீனம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு வாரத்தில்! கொல்கத்தா 90 லட்சத்துக்கு எடுத்தது. என்னைக் கேட்டால் சட்டமன்றத்தில் கேட்டிருக்க வேண்டியது தடை இல்லை. இந்த இரண்டு பேரை ஏன் ஆட வைக்கவில்லை என்பதைத்தான்.

ரசிகர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 2025-க்கு அஷ்வினை 9.75 கோடிக்கும், விஜய் சங்கரை 1.2 கோடிக்கும் கூட்டி வந்தார்கள். ஏப்ரல் 5, சேப்பாக்கம், டெல்லிக்கு எதிராக 184 துரத்தல். விஜய் சங்கர் கடைசிவரை நின்று 54 பந்தில் 69. தோல்வி. அன்று இரவு சிவகாசியிலிருந்து வந்த போனில் இருந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. "நீதானடா தமிழ்நாட்டுப் பையன் வேணும்னே?" என்றேன். "நான் கேட்டது ஆடுற பையன!" அந்த வருடம் சென்னை வரலாற்றிலேயே முதல் முறையாகக் கடைசி இடம்.

மெல்போர்ன்காரர் என்றால் கடைசி இடம் வந்ததற்குப் பந்தியில் முதல் இலை கிடைக்கும் என்று ஆறுதல் சொல்லியிருப்பார். இங்கே அந்த ஆறுதல் கிடையாது. ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். 2025 டிசம்பர் 16, அபுதாபி ஏலத்தில் இந்தியாவுக்கு ஆடாத இரண்டு பேருக்குத் தலா 14.20 கோடி: உத்தரப் பிரதேசத்தின் பிரசாந்த் வீர், ராஜஸ்தானின் கார்த்திக் சர்மா. வயசானவர்களை வைத்தே ஓட்டிய டீம் இப்படிப் பையன்களுக்குப் பணத்தைக் கொட்டியதை நான் பார்த்ததில்லை.

அன்றைக்கும் காலண்டர் கடைசிக் கட்டு போய்க்கொண்டிருந்தது. போன் வந்தது.

"இருபத்தெட்டு கோடி மாப்ள, ரெண்டு பேருக்கு. ரெண்டும் நம்ம ஊரு இல்ல."

"ஆமா."

"வயசு என்னடா அவய்ங்களுக்கு?"

இருபதை ஒட்டித்தான் இருக்கும் என்றேன். மெஷினை நிறுத்தச் சொல்லி யாரையோ கத்திவிட்டு, பேரை மறுபடி சொல்லச் சொன்னான். எழுதிக்கொள்கிற மாதிரி இருந்தது.