கூண்டு வண்டியும் கூடாரமும்: கம்பம் பள்ளத்தாக்கின் ஊழியப் பயணங்கள்

தியானப் பகுதி: எண்ணாகமம் 7:1-9, 33:1-49



வேதாகமத்தை வரிசையாக வாசிக்கும்போது நம்மில் பலர் அவசரமாகக் கடந்துபோகும் அதிகாரங்களில் எண்ணாகமம் 33ஆம் அதிகாரமும் ஒன்று. இஸ்ரவேல் புத்திரர் ராமசேசை விட்டுப் புறப்பட்டது முதல் மோவாபின் சமனான வெளிகளில் வந்து சேர்ந்தது வரை, அவர்கள் தங்கிய நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களின் பெயர்கள் அங்கே வரிசையாக வருகின்றன. இன்ன இடத்திலிருந்து புறப்பட்டார்கள், இன்ன இடத்தில் பாளயமிறங்கினார்கள் என்பதே அந்த அதிகாரம் முழுவதும் கேட்கும் ஓசை. இந்தப் பட்டியலை மோசே கர்த்தருடைய கட்டளையின்படி எழுதிவைத்தார் என்று அதிகாரத்தின் தொடக்கமே சொல்லுகிறது. ஆகவே ஒரு பயணத்தின் தங்குமிடங்களை நினைவுகூருவதும் ஆவிக்குரிய காரியமே.

இக்காலத்தில் பிரிட்டனில் வாழும் குடும்பங்கள் பல, படுக்கையும் சமையலறையும் கொண்ட வண்டியில் ஏறி, ஆங்கிலக் கால்வாயைக் கப்பலில் கடந்து, பிரான்ஸ் நாட்டின் வழியாக ஸ்பெயின் வரை செல்லுகின்றன. இதற்கு மாதக்கணக்கில் திட்டமிடுகிறார்கள். எந்த ஊரில் இரவு தங்குவது, தண்ணீர்த் தொட்டியை எங்கே நிரப்புவது, பாதையின் வலப்புறம் வண்டியோட்ட எப்படிப் பழகுவது, 180 நாட்களில் 90 நாட்களுக்கு மேல் தங்கக்கூடாது என்ற விதிக்குள் எப்படித் திரும்புவது என்று ஒவ்வொன்றையும் கணக்கிடுகிறார்கள். வீட்டைக் கூடவே கொண்டுபோகும் இத்தகைய பயணம் நமது தேனி மாவட்டத்துக்கும் புதியதல்ல. 19ஆம் நூற்றாண்டில் மாட்டுவண்டியிலும் கூடாரத்திலும் இப்பள்ளத்தாக்கைச் சுற்றி வந்தவர்களால்தான் நம் சபைகள் பலவற்றின் வரலாறு தொடங்குகிறது.

அந்த வரலாறும் ஒரு கடற்பயணத்தில்தான் தொடங்கியது. அமெரிக்க மிஷன் 1816 முதல் யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்து வந்தது. 1834ஆம் ஆண்டில் அங்கிருந்து ஹொய்சிங்டன், டாட் என்னும் இரு மிஷனெரிகள் பாக் நீரிணையைக் கடந்து மதுரைக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவர்களும் உதவியாளர்களாக அவர்களோடு வந்தார்கள். மதுரைச் சீமையில் தமிழில் முதலில் பேசவும் பாடம் சொல்லிக்கொடுக்கவும் அந்த யாழ்ப்பாணத்தாரே தூணாக நின்றார்கள். அடுத்த ஆண்டில் திண்டுக்கல்லில் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. 1848இல் பெரியகுளமும் மிஷன் நிலையமாயிற்று. பெரியகுளத்தைத் தலமாகக் கொண்டுதான் தேனி, போடிநாயக்கனூர், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று பள்ளத்தாக்கின் உட்பகுதிக்கு ஊழியர்கள் சென்றார்கள். ஜோசப் தாமஸ் நோயிஸ் என்னும் மிஷனெரி அந்நூற்றாண்டின் பிற்பாதியில் இந்நிலையத்தில் நெடுங்காலம் உழைத்தவர்.

அந்நாளில் ஒரு பயணத்தைத் திட்டமிடுவது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி வழியாகக் கம்பம் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். இன்று காலையில் புறப்பட்டால் மதிய உணவுக்குள் சேர்ந்துவிடுகிறோம். பாரம் ஏற்றிய மாட்டுவண்டியோ ஒரு மணி நேரத்தில் இரண்டு அல்லது மூன்று மைல்தான் நகரும். வெயிலில் மாடுகள் இளைத்துப்போகும் என்பதால் இரவில் வண்டி ஓட்டி, பகலில் தோப்பில் இளைப்பாறுவார்கள். ஓர் இரவுக்குப் பன்னிரண்டு அல்லது பதினைந்து மைல் என்று வைத்தாலும் ஐந்தாறு இரவுகள் ஆகும். மதுரையிலிருந்து வருவோர் உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறி இறங்க வேண்டும். பாலங்கள் குறைந்திருந்த அக்காலத்தில் வராக நதியிலோ கொட்டகுடி ஆற்றிலோ வெள்ளம் வந்தால், அது வடியும் வரை கரையில் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எனவே காலம் பார்த்தே புறப்பட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் பாதைகள் சேறாகிவிடும். சித்திரை, வைகாசியில் கூடாரத்துக்குள் உட்காரவும் முடியாது. பொங்கல் கழிந்து, அறுவடை முடிந்து, ஜனங்களுக்கு ஓய்வும் பாதைக்கு உலர்ச்சியும் இருக்கும் மாதங்களே ஏற்றவை. எந்த ஊரில் எந்த நாளில் சந்தை கூடும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். சந்தைக்கு வருகிறவர்கள் பல கிராமத்தார் ஆகையால், ஓரிடத்தில் சொன்னது இருபது ஊர்களுக்குப் போய்ச் சேரும்.

ராணி மங்கம்மாள் மதுரையை ஆண்ட நாட்களில் சாலையோரங்களில் மரங்களை நட்டு, வழிப்போக்கருக்குச் சத்திரங்களைக் கட்டினார். ஆனால் சாலையை விட்டு விலகிய கிராமங்களில் சத்திரம் ஏது? அதனால் வீட்டையே வண்டியில் ஏற்றவேண்டியதாயிற்று. கூடாரத் துணி, முளைகள், கயிறு, மடக்குக் கட்டில், அரிசி, பருப்பு, சமையல் பாத்திரங்கள், விளக்கு, எண்ணெய், காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை, விற்பனைக்குச் சுவிசேஷப் புத்தகங்கள், துண்டுப்பிரதிகள் என்று வண்டி நிறைந்துவிடும். மாடுகளுக்கு வைக்கோலும் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் வேண்டும். லாடம் தேய்ந்திருக்கிறதா, அச்சுக்கு மசகு இட்டாயிற்றா, கடையாணி உறுதியாய் இருக்கிறதா என்று பார்ப்பவர் வண்டிக்காரர். அவர் ஒருவர் கவனம் தவறினால் அத்தனை திட்டமும் பாதி வழியில் குடைசாய்ந்துவிடும்.

ஊருக்கு வெளியே மாந்தோப்பிலோ புளியந்தோப்பிலோ கூடாரம் அடிக்கப்படும். விடியற்காலையில் ஊழியர்கள் இருவர் இருவராகச் சுற்றுக் கிராமங்களுக்கு நடந்து போவார்கள். வெயில் ஏறுமுன் திரும்புவார்கள். மாலையில் மறுபடியும் செல்வார்கள். பிற்காலத்தில் இரவு வேளைகளில் மேஜிக் லாந்தர் என்ற படவிளக்கைக் கொண்டு இயேசுவின் சரித்திரத்தைக் காட்டினார்கள். பேச்சைவிடப் பாட்டு ஜனங்களை நெருங்கிற்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளின் அருமையை உணர்ந்த எட்வர்டு வெப் என்னும் மதுரை மிஷன் ஊழியர், 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். இன்று நாம் ஆலயத்தில் பாடும் பல கீர்த்தனைகள் இவ்விதமாகத் தோப்புகளிலும் சாவடித் திண்ணைகளிலும் ஒலித்தவையே. திண்டுக்கல்லில் பணியாற்றிய மருத்துவர் எட்வர்டு செஸ்டர் போன்றவர்கள் மருந்தையும் ஊழியத்தோடு இணைத்தார்கள்.

தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பது அப்பயணங்களின் பெரிய கேள்வி. தோப்புக்கு அருகில் கிணறு இருக்கலாம். ஆனால் அதில் யார் இறங்கலாம், யார் இறங்கக்கூடாது என்று ஊர் ஏற்கெனவே தீர்மானித்து வைத்திருந்தது. இந்த வேற்றுமை சபைக்குள்ளும் புகுந்திருந்தது. 1847இல் மதுரை மிஷன், சாதி வேற்றுமையைக் கைவிட்டு எல்லாரோடும் அமர்ந்து உண்ணவேண்டும் என்பதை ஊழியருக்கு நிபந்தனையாக வைத்தபோது, உதவியாளர் பலர் அதற்கு இணங்காமல் விலகினார்கள். பிரசங்கிக்கத் தெரிந்தவர்களுக்கும் ஒரே பானையிலிருந்து உண்பது கடினமாயிருந்தது. ஒரு வண்டியில் பயணம் செய்து ஒரே அடுப்பில் சமைக்க வேண்டிய ஊழியத்தில் இது சிறிய காரியமா? இன்று நம் ஐக்கிய விருந்துகளில் யார் பக்கத்தில் யார் அமருகிறார்கள் என்பதைக் கவனித்தால், அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை என்பது விளங்கும்.

மலையடிவாரக் காய்ச்சலும் காலராவும் மிஷனெரிக் குடும்பங்களில் பலரை மாய்த்தன. அதனால் 1845இல் அவர்கள் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1875இல் ரயில் வந்தபின், அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்கி, முப்பது மைலுக்கு மேல் மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கமாக வந்து, மலையடிவாரத்தில் கிருஷ்ணமநாயக்கன் தோப்பை அடைவார்கள். வண்டிப் பயணம் அத்தோடு முடிந்தது. அதற்கு மேல் பத்து மைலுக்கும் அதிகமான செங்குத்துப் பாதை. நடக்கக்கூடியவர்கள் நடந்தார்கள், சிலர் குதிரையில் ஏறினார்கள், நோயாளிகளையும் பெண்களையும் குழந்தைகளையும் நாற்காலியில் வைத்து நம் ஊர் மனிதர்கள் தோளில் சுமந்து போனார்கள். பெட்டி, படுக்கை, பாத்திரங்கள் எல்லாம் தலைச்சுமையாகவே மேலே சென்றன. வாகனங்களுக்கான மலைச்சாலை 1916இல்தான் வந்தது.

இவ்விடத்தில் எண்ணாகமம் 7ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆசரிப்புக் கூடாரத்தின் பணிக்கென்று இஸ்ரவேலின் பிரபுக்கள் ஆறு கூண்டு வண்டில்களையும் பன்னிரண்டு மாடுகளையும் கொண்டுவந்தார்கள். மோசே அவற்றை வேலைக்குத் தக்கதாகப் பங்கிட்டார். திரைகளைச் சுமக்கும் கெர்சோன் புத்திரருக்கு இரண்டு வண்டில்களும் நாலு மாடுகளும்; பலகைகளையும் தூண்களையும் சுமக்கும் மெராரி புத்திரருக்கு நாலு வண்டில்களும் எட்டு மாடுகளும். கோகாத் புத்திரருக்கோ ஒரு வண்டிலும் இல்லை. பெட்டியும் மேஜையும் குத்துவிளக்கும் அவர்கள் பொறுப்பில் இருந்தன. பரிசுத்தமானவற்றைத் தோளின்மேல் சுமப்பதே அவர்களுக்கு நியமிக்கப்பட்ட வேலை.

வண்டியில் ஏற்றத்தக்கவை உண்டு; தோளில் சுமக்கவேண்டியவையும் உண்டு. பள்ளத்தாக்கின் சபை வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. கூடாரம் ஒரு தோப்பில் சில நாட்கள் நின்றது. பிறகு முளைகள் பிடுங்கப்பட்டு, வண்டி அடுத்த ஊருக்குப் போய்விட்டது. எத்தனை கிராமங்கள் சந்திக்கப்பட்டன, எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை புத்தகங்கள் விற்றன என்று மிஷன் அறிக்கைகள் கணக்கு எழுதின. ஆனால் வண்டி போனபின் அந்த ஊரில் தங்கியவர் உபதேசியார். சிறு பள்ளியை நடத்தி, பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, காலரா வந்த வீட்டுக்குள் நுழைந்து, மரித்தவரை அடக்கம்பண்ணி, ஓய்வுநாள்தோறும் பத்துப் பேரைக் கூட்டி ஜெபித்தவர் அவரே. வீட்டுக்குள் சென்று பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டியவர்கள் வேதாகம ஸ்திரீகள். அறிக்கைகள் பெரும்பாலும் இவர்களை 'உள்ளூர் உதவியாளர்' என்ற பொதுப்பெயரில் அடக்கிவிட்டன. ஆயினும் கூடாரம் நின்ற இடங்களில் சபை நின்றதென்றால், அது இவர்கள் தோளில் நின்றது.

பாதைகள் மாறிக்கொண்டே வந்தன. 1895இல் முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் பள்ளத்தாக்கை நனைத்தது. 1928இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயில் வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது அத்தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, பின்னர் மறுபடியும் இடப்பட்டன. அகலப் பாதையாக்கும் பணிக்காக மீண்டும் நின்ற ரயில், 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் திரும்பி வந்தது. வண்டிகளும் வழிகளும் வரும், போகும். தங்கி ஊழியம் செய்ய ஆள் வேண்டும் என்ற தேவையோ எக்காலத்திலும் இருக்கிறது.

பிரியமானவர்களே, நம் சபைகளிலும் கிராம ஊழியத்துக்கென்று வேன் அமர்த்துகிறோம். ஒலிபெருக்கி, திரை, உணவுப் பொட்டலங்கள் எல்லாவற்றையும் ஒழுங்காகத் திட்டமிடுகிறோம். அது நல்லதே, கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் செலவைக் கணக்கிட வேண்டும் என்று நம் ஆண்டவரும் போதித்தார் (லூக்கா 14:28). ஆனால் நம் கணக்கில் ஒரு வரி விடுபட்டுப் போகிறது. இரவு ஒன்பது மணிக்கு வேன் திரும்பியபின், அந்தத் தெருவில் ஜெபிக்கச் சொல்லிக் கேட்ட தாயாரை மறுவாரம் போய்ப் பார்ப்பவர் யார்? படிப்பை நிறுத்திவிட்ட பிள்ளையை மறுமாதம் விசாரிப்பவர் யார்? அடுத்த பயணத்துக்கு வேன் வாடகையைப் பேசுமுன், அந்த ஊருக்குத் தொடர்ந்து சென்றுவர நம்மில் இரண்டு பேர் பெயர் கொடுக்கட்டும். பெயர் கொடுக்க ஒருவரும் இல்லையென்றால், பயணத்தைத் தள்ளிவைத்து அதற்காக ஜெபிப்போம். நம்மை ஏற்றிச்சென்று இறக்கும் ஓட்டுநரையும், நமக்குச் சமைப்பவரையும் பெயர் சொல்லி அழைத்து, நம் பந்தியிலேயே அமர்த்துவோம்.

ஜெபம்: வழிநடத்தும் கர்த்தாவே, எங்கள் முன்னோரின் பாளயங்களை நீர் அறிந்திருக்கிறீர். ஏடுகளில் பெயர் எழுதப்படாத உபதேசியாரையும், வேதாகம ஸ்திரீகளையும், வண்டிக்காரரையும், சுமை சுமந்தோரையும் நீர் மறக்கவில்லை. அவர்களுக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். வண்டியில் ஏற்ற முடியாததைத் தோளில் சுமக்க எங்களுக்குப் பெலன் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.